இளைஞர்களின் சிறுநீர்க் கோளாறு: நரம்புக்கு அதில் என்ன பங்கு?

“யூரின் சரியாப் போகல டாக்டர், நரம்புப் பிரச்சினையா இருக்குமோ?” என்று கேட்கும் இளைஞர், நரம்பு என்ற சொல்லால் எதைக் குறிக்கிறார் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனெனில் நம் பேச்சில் அந்தச் சொல்லுக்குக் குறைந்தது மூன்று பொருள்கள் உண்டு. ஊசி போடும் செவிலியர் “நரம்பு கிடைக்கவில்லை” என்று சொல்வது இரத்தக் குழாயை. பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும் ‘நரம்புத் தளர்ச்சி’ விளம்பரங்கள் சொல்வது, சுய இன்பத்தாலும் விந்து வெளியேறுவதாலும் உடல் பலமிழந்துவிட்டது என்று இளைஞர்களை அச்சுறுத்தி உருவாக்கிய ஒரு நோயை. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கிளம்பி, தசைகளுக்குக் கட்டளையையும் மூளைக்கு உணர்ச்சியையும் கடத்துகிற உண்மையான நரம்பு மூன்றாவது. இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது நரம்பைப் பற்றியது.

இரண்டாவது பொருளைப் பற்றி ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சுய இன்பத்தால் சிறுநீர்ப்பையின் நரம்புகள் பாதிக்கப்படுவதில்லை. சிறுநீர் கழித்த பிறகு சில சொட்டுகள் கசிவதும், அழுத்தி மலம் கழிக்கும்போது வெண்மையான திரவம் சிறிது வருவதும் நரம்பு அழிந்ததன் அடையாளங்கள் அல்ல. இந்த அச்சத்தில் பல ஆயிரம் ரூபாயையும் பல மாதங்களையும் இழந்த பிறகு, உண்மையான நரம்புக் கோளாறோடு காலம் கடந்து மருத்துவமனைக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தத்துக்குரியது.

சிறுநீர்ப்பை எவ்வாறு இயங்குகிறது என்பதைப் புரிந்துகொள்ள, சென்னையிலிருந்து மதுரைக்கு இரவுப் பேருந்தில் செல்லும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் சிறுநீரைப் பைக்குள் இறக்கிக்கொண்டிருக்கின்றன. பையின் சுவரில் உள்ள தசை விரிந்து கொடுப்பதால், உள்ளே நீர் சேர்ந்தாலும் அழுத்தம் அதிகம் ஏறுவதில்லை. 150 முதல் 200 மில்லி சேர்ந்ததும் “நிறைகிறது” என்ற முதல் செய்தி மூளைக்குப் போகிறது. பேருந்து நிற்கவில்லை, அவர் அதைப் பொருட்படுத்தாமல் தூங்கிவிடுகிறார். 400 மில்லியை நெருங்கும்போது விழித்துக்கொள்கிறார். அப்போதும் வண்டி நிற்காவிட்டால், சிறுநீர்ப் பாதையைச் சுற்றியுள்ள சுருக்குத்தசையை இறுக்கி அடக்கிக்கொள்ள முடிகிறது. சாலையோர உணவகத்தில் வண்டி நிற்கிறது; அவர் கழிப்பறைக்குள் நுழைந்து, “இப்போது போகலாம்” என்று முடிவெடுக்கிறார். அந்த நொடியில் சுருக்குத்தசை முதலில் தளர்கிறது, அடுத்து பையின் தசை சுருங்குகிறது, அரை நிமிடத்துக்குள் பை காலியாகிறது. அடைத்துவைப்பதும் திறந்துவிடுவதும் ஒன்றுக்கொன்று எதிரான செயல்கள். ஒன்று நடக்கும்போது மற்றொன்று நடக்காதபடி பார்த்துக்கொள்வதே நரம்புகளின் வேலை.

இந்த வேலையை மூன்று நரம்புக் கூட்டங்கள் பங்கிட்டுக்கொள்கின்றன. தண்டுவடத்தின் நடுப்பகுதியிலிருந்து, அதாவது கீழ் மார்பு மற்றும் மேல் இடுப்பு மட்டத்திலிருந்து வருபவை, பையைத் தளர்த்தி அதன் வாய்ப்பகுதியை மூடிவைக்கின்றன. தண்டுவடத்தின் அடிமுனையில், மருத்துவர்கள் எஸ்2, எஸ்3, எஸ்4 என்று குறிப்பிடும் மட்டங்களிலிருந்து வருபவை பையைச் சுருங்கச் செய்கின்றன. அதே மட்டங்களிலிருந்து புறப்படும் பியூடெண்டல் என்ற நரம்பு, நாம் விரும்பி இறுக்கவும் தளர்த்தவும் கூடிய வெளிச் சுருக்குத்தசையை ஆள்கிறது. இவற்றை ஒருங்கிணைக்கும் மையம் மூளைத்தண்டில் இருக்கிறது. பூனைகளை ஆராய்ந்து அதைக் கண்டறிந்தவர் பேரிங்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஆண்டு 1925. அந்த மையத்துக்கும் மேலே, நெற்றிக்குப் பின்னாலிருக்கும் முன்மூளை “இடம் சரியில்லை, பொறு” என்று தடுத்துவைக்கிறது. கைக்குழந்தைக்கு இந்தத் தடை இன்னும் வளர்ந்திருக்காது என்பதால்தான் பை நிறைந்ததும் தானாகவே கழித்துவிடுகிறது.

இந்தப் பாதையின் எந்த இடத்தில் அடி விழுந்திருக்கிறது என்பதைப் பொறுத்தே தொல்லையின் தன்மை அமைகிறது. முன்மூளையின் தடை பலவீனமானால் அவசரம் மிகும்; ஆனால் கழிக்கும்போது இரு தசைகளின் ஒத்திசைவு கெடாது. மூளைத்தண்டுக்கும் தண்டுவடத்தின் அடிமுனைக்கும் இடையே சேதம் ஏற்பட்டால், பை தன்னிச்சையாகச் சுருங்கும். அதே நேரத்தில் சுருக்குத்தசையும் இறுகிக்கொள்ளும். மூடிய கதவை நோக்கித் தள்ளுவது போன்ற இந்த நிலையில், பைக்குள் எழும் அழுத்தம் மேல்நோக்கித் திரும்பிச் சிறுநீரகங்களைத் தாக்குகிறது. நரம்புசார் சிறுநீர்க் கோளாறுகளில் மிகவும் அஞ்ச வேண்டியது இதுதான். அடிமுனையோ அதிலிருந்து பிரியும் நரம்புகளோ சிதைந்தால் நிலை இதற்கு நேர் எதிராகிறது: பை தளர்ந்து கிடக்கும், நிறைந்தது தெரியாது, வழிந்து சொட்டுச் சொட்டாகக் கசியும். அவ்வாறு கசிவதைக் கண்டு “அடிக்கடி போகிறது” என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் அவர்களுக்குச் சிறுநீர் வெளியேறாமல் தேங்கியிருக்கிறது.

இளம் ஆண்களில் இத்தகைய சேதத்துக்கு முதன்மையான காரணம் முதுகெலும்பில் ஏற்படும் காயம். இரு சக்கர வாகன விபத்து, கட்டடத்திலிருந்தும் தென்னை, பனை மரங்களிலிருந்தும் விழுதல், ஆழம் தெரியாத கிணற்றில் தலைகீழாகக் குதித்தல் ஆகியவை நம் ஊர்களில் காணும் வழிகள். காயம்பட்ட முதல் சில வாரங்களில் பை முற்றிலும் செயலற்றிருக்கும். பின்னர் மேலே சொன்ன தன்னிச்சைச் சுருக்கம் பலருக்குத் தலைகாட்டும். ஆகவே முதல் மாதத்தில் செய்த சோதனையை வைத்து ஆயுளுக்கும் முடிவெடுக்கக் கூடாது.

அடுத்தது, இடுப்பு வலிக்காரர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. தண்டுவடம் முதுகெலும்பின் முழு நீளத்துக்கும் ஓடுவதில்லை. முதலாம், இரண்டாம் இடுப்பு முள்ளெலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால் போலக் கற்றையாகத் தொங்குகின்றன. ‘ஜவ்வு விலகிவிட்டது’ என்று நாம் சொல்லும் டிஸ்க் விலகல் பெரிதாக இருந்தால், அந்தக் கற்றை முழுவதும் நசுங்கலாம். கனமான மூட்டையைத் தூக்கிய மறுநாள் இரு கால்களிலும் வலி இறங்குகிறது. சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படுகிற பகுதி மரத்துப்போகிறது. சிறுநீர் கழிக்க நின்றால் தொடங்கவில்லை அல்லது போவதே தெரியவில்லை. இம்மூன்றும் சேர்ந்து வந்தால் எண்ணெய் தேய்ப்பதும், இடுப்புப் பட்டை கட்டிப் படுத்திருப்பதும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் கூடாது. அன்றைய தினமே எம்ஆர்ஐ வசதியும் அறுவை சிகிச்சை வசதியும் உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். 48 மணி நேரத்துக்குள் அழுத்தம் நீக்கப்பட்டவர்களுக்குச் சிறுநீர்க் கட்டுப்பாடு மீள்வதற்கான வாய்ப்பு கூடுதல். அந்தக் காலத்துக்குள்ளும் முந்திச் செல்வது நல்லது.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். முதுகெலும்புக் காசநோய் நம் நாட்டில் இன்னும் பரவலாக உள்ளது. தீராத முதுகுவலியோடு மாலைக் காய்ச்சலும் எடைக் குறைவும் சேர்ந்தால் அதை நினைக்க வேண்டும். தண்டுவட அழற்சியும், நரம்பின் மேலுறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கக்கூடியவை. அவற்றில் சிறுநீர் அவசரத்தோடு பார்வை மங்கலோ கால் தடுமாற்றமோ முன்னும் பின்னுமாக வந்துபோயிருக்கும். சிறுவயதிலேயே சர்க்கரை நோய் வந்து பல ஆண்டுகள் கட்டுப்பாடின்றி இருந்தால், பை நிறைந்ததை உணரும் திறன் மெல்ல மழுங்கும். பிறவியிலேயே தண்டுவடத்தின் முனை கீழே ஒட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு, உயரம் வேகமாக வளரும் பதின்ம வயதில் அது இழுபட்டு முதல் முறையாகத் தொல்லை தெரியலாம். இடுப்பின் அடியில் ஒரு முடிக்கற்றையோ குழியோ இருப்பது அதற்கான தடயம்.

இவ்வளவையும் படித்துவிட்டுத் தனக்கும் இருக்குமோ என்று அஞ்ச வேண்டாம். கால்களில் பலமும் உணர்ச்சியும் இயல்பாக இருக்கும் இளைஞர் ஒருவர் சிறுநீர்த் தொல்லையோடு வந்தால், காரணம் பெரும்பாலும் வேறிடத்தில்தான் இருக்கும். நீர்க்கடுப்பு என்று நாம் சொல்லும் எரிச்சலுக்குத் தொற்று, பால்வினை நோய், கல், போதிய தண்ணீர் குடிக்காமை ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கலாம்; எல்லாவற்றையும் ‘உடம்புச் சூடு’ என்று ஒதுக்கிவிடுவதால் சிறுநீர்ப் பரிசோதனை தள்ளிப்போகிறது. நீர்த்தாரை மெலிந்து போவதற்கு, பழைய அடியாலோ தொற்றாலோ சிறுநீர்ப் பாதை சுருங்கியிருப்பதும், பையின் வாய்ப்பகுதி சரிவரத் திறக்காதிருப்பதும் காரணங்கள். சளிக்கு வாங்கும் மாத்திரைகளில் உள்ள ஒவ்வாமைத் தடுப்பு மருந்தும், அமிட்ரிப்டிலின் போன்ற மனநல மருந்துகளும் சிலருக்குச் சிறுநீரை நிறுத்திவைக்கும். இது பாதை நோயுறாத நிலையிலேயே நரம்புச் செய்தியில் மருந்து குறுக்கிடுவதால் நேர்வது.

நரம்பு சேதமடையாமலே அதன் இயக்கம் பிசகுகிற நிலையும் உண்டு. தேர்வு அறைக்குள் நுழையும் முன் மூன்று முறை கழிப்பறைக்கு ஓடியவர்களுக்கு இது புரியும்: பதற்றத்தில் முன்மூளையின் தடை தளர்ந்து, 100 மில்லி சேர்ந்தாலே முட்டுகிறது. பக்கத்தில் ஆள் நின்றால் எவ்வளவு முயன்றாலும் சிறுநீர் வராத கூச்சம் இதன் மறுபக்கம். அங்கே தளர வேண்டிய சுருக்குத்தசை பயத்தில் இறுகியே நிற்கிறது. நாள் முழுவதும் வண்டியோட்டி, கழிப்பறை கிடைக்காமல் அடக்கியே பழகிய ஓட்டுநர்களிலும் உணவு விநியோகிக்கும் இளைஞர்களிலும் சிலருக்கு, சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் தளர மறந்து, அந்த இறுக்கம் அடிவயிற்றிலும் விதைப்பைக்குப் பின்னாலும் வலியாகவே மாறிவிடுகிறது. இவை கற்பனை நோய்கள் அல்ல. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் “எல்லாம் மனசுதான்” என்று சொல்லி அனுப்பிவிடுவது அநியாயம்.

மருத்துவர் இவற்றை எவ்வாறு பிரித்தறிகிறார்? முதல் கருவி ஒரு தாளும் அளவுக் குவளையும்தான். மூன்று நாட்களுக்கு எப்போது எவ்வளவு குடித்தீர்கள், எப்போது எத்தனை மில்லி போனது, அவசரம் இருந்ததா என்று எழுதி வரச் சொல்வார்கள். காலை 7 மணிக்கு 420, 9 மணிக்கு 90, 9.40-க்கு 70, 10.30-க்கு 80, இரவில் ஒருமுறையும் எழவில்லை என்று ஒரு தாள் இருந்தால், தூங்கும்போது 420 மில்லி தாங்கும் பை பகலில் 80-க்கே துடிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. பையின் கொள்ளளவு சரியாகத்தான் இருக்கிறது, பதற்றத்தையும் தேநீரையும் விசாரிக்க வேண்டும் என்ற திசை கிடைக்கிறது. ஒரே நாளில் 4 லிட்டர் போயிருந்தால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

உடல் பரிசோதனையில், ஆசனவாயைச் சுற்றிய தோலில் பஞ்சாலும் ஊசி முனையாலும் தொட்டு உணர்ச்சி சமமாக உள்ளதா என்று பார்ப்பார்கள். கையுறையிட்ட விரலைச் செலுத்தி அங்குள்ள தசையை இறுக்கச் சொல்வார்கள். கூச்சமான பரிசோதனைதான். ஆனால் ஆசனவாய்த் தசையையும் சிறுநீர்ப்பையையும் ஆள்வது அதே அடிமுனை நரம்புகள் என்பதால், ஒரு நிமிடத்தில் முடியும் இச்சோதனை சொல்லும் செய்தி மிகவும் மதிப்புள்ளது. பிறகு யூரோஃப்ளோமெட்ரி: கருவி பொருத்திய புனலில் சிறுநீர் கழித்தால் வேகத்தின் வரைபடம் வரும். 150 மில்லிக்குக் குறையாமல் கழித்து, உச்ச வேகம் நொடிக்கு 15 மில்லியைத் தாண்டினால் பெரிய தடை இருக்க வாய்ப்பு குறைவு. கழித்த பின் எவ்வளவு மிச்சம் என்பதை அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் காட்டும். நரம்புக் கோளாறு என்ற ஐயம் வலுத்தால், பைக்குள் மெல்லிய குழாய் வழியாக நீரை நிரப்பி அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் சோதனையும், முதுகெலும்பின் எம்ஆர்ஐ ஸ்கேனும் தேவைப்படும். பைக்குள் அழுத்தம் 40 செ.மீ. நீரழுத்தத்துக்கு மேல் நீடித்தால் சிறுநீரகங்களுக்கு ஆபத்து என்பது மருத்துவர்கள் கருத்தில் வைத்திருக்கும் எல்லைக்கோடு.

சிகிச்சையின் முதல் நோக்கம் சிறுநீரகங்களைக் காப்பது. நனையாமல் இருப்பது அதற்கு அடுத்தது. இந்த வரிசையை மனித இனம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. முதல் உலகப் போரில் தண்டுவடக் காயமடைந்த வீரர்களில் பெரும்பாலோர், சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப் புண்ணாலும் குறுகிய காலத்திலேயே இறந்தார்கள். 1944-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கிய லுட்விக் குட்மன், குழாயை நிரந்தரமாக விட்டுவைக்காமல் வேளாவேளைக்குச் செலுத்திப் பையைக் காலி செய்து எடுத்துவிடும் முறையை வற்புறுத்தினார். அதை நோயாளியே வீட்டில் செய்துகொள்ளலாம், கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், அறுவை அரங்கின் கிருமியற்ற சூழல் தேவையில்லை என்று 1972-இல் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாப்பிடிஸ். தமிழகத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் சாலை விபத்தில் தாமே இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சைகள் செய்தார். அவருடைய முயற்சியால் 1966-இல் அங்கு மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

லாப்பிடிஸ் காட்டிய அந்தச் செயலை அருகிலிருந்து பார்த்தால் அச்சம் குறையும். இளைஞர் கைகளைக் கழுவுகிறார். ஏறக்குறைய 40 செ.மீ. நீளமுள்ள, பென்சிலைவிட மெலிந்த வளையும் குழாயின் முனையில் வழுவழுப்பான ஜெல்லைத் தடவுகிறார். ஆணுறுப்பை மேல்நோக்கிப் பிடித்து, குழாயை மெதுவாகத் தள்ளுகிறார். 15 செ.மீ. போனதும் ஓரிடத்தில் தடுக்கிறது, அது சுருக்குத்தசை. அங்கே வலிந்து தள்ளாமல், மூச்சை இழுத்து விட்டுச் சில நொடிகள் பொறுத்தால் தசை வழிவிடுகிறது. சிறுநீர் வரத் தொடங்கியதும் இன்னும் சற்று உள்ளே செலுத்தி, ஓட்டம் நின்ற பின் மெல்ல வெளியே இழுக்கிறார். ஐந்து நிமிட வேலை. நாளொன்றுக்கு 4 முதல் 6 முறை, ஒவ்வொரு முறையும் 400, 500 மில்லிக்கு மேல் சேராதபடி நேரத்தை வகுத்துக்கொண்டால், கல்லூரிக்கும் அலுவலகத்துக்கும் செல்வதற்கு அது தடையாவதில்லை. அடிவயிற்றைக் கை முஷ்டியால் அழுத்திப் பிழிந்து வெளியேற்றும் பழைய வழக்கம், சுருக்குத்தசை இறுகியவர்களிடம் அழுத்தத்தைச் சிறுநீரகத்துக்கு அனுப்பிவிடும் என்பதால் அதைக் கைவிட வேண்டும்.

துடிக்கும் பையை அடக்க ஆக்ஸிபியூட்டினின், சோலிஃபெனாசின் போன்ற மாத்திரைகள் உள்ளன. வாய் உலர்தலும் மலச்சிக்கலும் அவற்றின் விலை. மிராபெக்ரான் வேறு வழியில் பையைத் தளர்த்துகிறது. அதை எடுப்பவர்கள் இரத்த அழுத்தத்தைக் கவனிக்க வேண்டும். பையின் வாய்ப்பகுதியைத் தளர்த்தும் டாம்சுலோசின், தலைசுற்றலையும், விந்து குறைவாக வருவதையோ வராமலே போவதையோ ஏற்படுத்தலாம். மருந்தை நிறுத்தினால் அது பெரும்பாலும் சரியாகிவிடும் என்பதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டால், ஓர் இளைஞர் பல இரவுகளின் கலக்கத்திலிருந்து தப்புவார். மாத்திரைக்குக் கட்டுப்படாத பைக்கு, உட்காணும் கருவி வழியாகத் தசைக்குள், அதைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி போடப்படுகிறது. நரம்புசார் கோளாறில் வழக்கமான அளவு 200 யூனிட். பயன் 6 முதல் 9 மாதங்கள் வரை நீடிக்கும். அதன் பிறகு மீண்டும் போட வேண்டும். பலருக்கு அதோடு குழாய் செலுத்திக்கொள்வதும் தேவைப்படும். எஸ்3 நரம்பருகே மெல்லிய மின்முனையைப் பதித்து மென்மையான மின்தூண்டல் தரும் கருவியும் உண்டு. முதலில் தற்காலிகமாகப் பொருத்திப் பயன் தெரிந்த பிறகே நிரந்தரமாகப் பதிக்கிறார்கள். விலை அதிகம் என்பதால் நம்மிடம் இது இன்னும் சிலருக்கே எட்டுகிறது.

நரம்பு சேதமில்லாதவர்களின் சிகிச்சை வேறு. அவர்களுக்கு இடைவெளியைக் கால் மணி நேரம், அரை மணி நேரமாக நீட்டிப் பழகும் பயிற்சியும், காபி, தேநீர், ஆற்றல் பானங்களைக் குறைப்பதும், மலச்சிக்கலைத் தீர்ப்பதும், இறுகிய இடுப்புத் தளத் தசைகளைத் தளர்த்தும் இயன்முறை சிகிச்சையும் பெரிதும் உதவும். இங்கே ஒரு எச்சரிக்கை: இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் இடுப்புத் தளத்தை இறுக்கும் பயிற்சிகள், ஏற்கெனவே இறுகிய தசை உள்ளவருக்கு வலியைக் கூட்டிவிடும். கூச்சத்தால் சிறுநீர் வராதவர்களுக்கு, ஆளில்லாத இடத்தில் தொடங்கிப் படிப்படியாகப் பொதுக் கழிப்பறைக்குப் பழக்கும் மனநல சிகிச்சை பலன் தருகிறது.

இளைஞர்கள் கேட்கத் தயங்கும் கேள்வி ஒன்று எஞ்சியிருக்கிறது: இதனால் தாம்பத்தியம் பாதிக்குமா, குழந்தை பிறக்குமா? விறைப்புக்கான நரம்புகளும் எஸ்2 முதல் எஸ்4 வரையிலான அதே இடத்திலிருந்தே வருவதால், உண்மையான நரம்புச் சேதத்தில் இரண்டும் சேர்ந்து பாதிக்கப்படலாம். விறைப்புக்கு மாத்திரைகளும் ஊசிகளும் உள்ளன. விந்து தானாக வெளியேறாத தண்டுவடக் காயக்காரர்களிடமிருந்தும் அதிர்வுக் கருவியாலோ மின்தூண்டலாலோ விந்தைப் பெற்று, கருத்தரிப்பு மையங்களின் உதவியோடு தந்தையாக முடிகிறது. நடு மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடத்தில் காயமடைந்தவர்கள் இந்த முயற்சிகளை மருத்துவர் முன்னிலையிலேயே செய்ய வேண்டும். அவர்களுக்குத் தூண்டலாலோ பை நிறைந்து அடைபடுவதாலோ இரத்த அழுத்தம் ஒரேயடியாக ஏறி, கடும் தலைவலியும் முகச் சிவப்பும் வரலாம். அப்போது நிமிர்ந்து உட்காரவைத்துப் பையை உடனே காலி செய்வதுதான் முதலுதவி.

நரம்புசார் சிறுநீர்ப்பை உறுதியானவர்கள், நனையாமல் இருக்கிறோம், வலியில்லை என்ற நிலையை அடைந்த பிறகும், ஆண்டுக்கொரு முறை சிறுநீரக அல்ட்ராசவுண்டும் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் இரத்தச் சோதனையும் செய்துகொள்ள வேண்டும். அழுத்தத்தால் வீங்கிக்கொண்டிருக்கும் சிறுநீரகம், பாதிக்கு மேல் கெடும் வரையிலும் வலிக்காமலே இருந்துவிடும்.